வார்டு இன்சார்ஜ் தன் பொறுப்பை யாரிடம் ஹேண்டோவர் கொடுப்பது? வார்டை நடத்துபவர்கள் உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

தாழம்பூ சிஸ்டர்

மூன்று மாதமாக ஒரு சம்பவம் மனதை விட்டுப் போகவில்லை, அதனால் எழுதுகிறேன்.

தனியார் மருத்துவமனை, 120 படுக்கை, நான் நர்சிங் சூப்பரிண்டென்டன்ட். மாதக் கடைசியில் ரோஸ்டர் போடுவது எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. இரண்டு பேர் வேலையை விடப் பேப்பர் போட்டுவிட்டார்கள், ஒருவர் பிரசவ விடுப்பில், அடுத்த வாரம் ஆடிட்.

மதியம் இரண்டரை இருக்கும். கதவருகே ஆள் நிற்பது தெரிந்தது. ஐசியு பெண், சேர்ந்து எட்டு மாதம். தலையைத் தூக்காமலே சொன்னேன்: "லீவ் கிடையாது. யாருக்கும் கிடையாது."

அவள் போகவில்லை. "லீவ் கேட்க வரலை மேடம். காலையில ரவுண்ட்ஸ்லயே உங்க கை நடுங்கிட்டு இருந்துச்சு. இப்பவும் நடுங்குது. சுகர் பார்க்கலாமா?" கையில் குளுக்கோமீட்டர் ட்ரே.

எனக்கு 52, ரொம்பக் குறைவு. காலையில் கிளிமிபிரைட் என்ற சுகர் மாத்திரை போட்ட நான் அதன் பிறகு சாப்பிடவே இல்லை. டிபன் பாக்ஸ் மேசையில் திறக்காமல் இருந்தது. புது பேட்சுக்கு ஹைப்போகிளைசீமியா (சுகர் இறங்கிப்போவது) வகுப்பு எடுப்பதே நான்தான். மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தாள். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி விரலில் குத்திப் பார்த்தாள். அத்தனை நேரமும் நின்றுகொண்டே இருந்தாள். உட்காரச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை.

சுகர் இறங்கியதை நான் பெரிதாக நினைக்கவில்லை. அவள் வாய் திறக்கும் முன்பே "கிடையாது" என்றேனே, அதுதான் உறுத்துகிறது. இதற்கு முன் எத்தனை பேர் அந்தக் கதவோடு திரும்பிப் போனார்களோ.

ஓய்வுபெற்ற ஆர்எம்ஓ

சிஸ்டர், உங்களுக்காவது ஒருத்தி வந்து கேட்டாளே. எனக்கு 2021 மே மாதம்தான் நினைவுக்கு வருகிறது. 21ஆம் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000க்கு மேல் கொரோனா தொற்று. எங்கள் வாசலில் ஆம்புலன்ஸ் வரிசை. உள்ளே ஆக்சிஜன் டேங்கின் முள்ளைப் பார்க்க ஒருவர், டேங்கர் எங்கே வருகிறது என்று போனில் கேட்க இன்னொருவர் என்று ஆள் போட்டிருந்தோம்.

என் மேலதிகாரி அம்மா தினமும் மாலை ஆறு மணிக்கு, பிபிஇ கிட் கழற்றும் அறையின் வெளிவாசலில் வந்து நிற்பார். வெளியே வருகிறவர்களின் மூக்கின் மேல் மாஸ்க் அழுத்திய தழும்பு இருக்கும், உடுப்பு நனைந்து ஒட்டியிருக்கும். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு இளநீர் கொடுப்பார். "இன்னைக்கு எப்படிப்பா இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை நிற்பார். அழுதால் அழட்டும் என்று விட்டுவிடுவார்.

ஒரு நாள் அவர் வரவில்லை. தேடிப் போனேன். ஸ்டோர் ரூமில் சலைன் பெட்டிகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தார். விளக்குப் போடவில்லை. "அஞ்சு நிமிஷம் டாக்டர், வந்துடறேன்" என்றார். நான் "சரிங்க மேடம்" என்று கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன். அவர் எல்லோரிடமும் கேட்ட அந்தக் கேள்வியை அவரிடம் நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஒப்பந்தத்தில் பத்து வருஷம்

ஐயா, மரியாதையோடுதான் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இளநீர் நல்லதுதான். ஆனால் வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளிக்கு ஒரு ஷிஃப்டில் ஒரு நர்ஸ் என்பதுதான் கணக்கு. நான் அந்த மே மாதத்தில் நான்கு பேரைப் பார்த்தேன். அன்பாக நடத்தும் அதிகாரியும் அந்தக் கணக்கை மாற்றவில்லை, அதட்டும் அதிகாரியும் மாற்றவில்லை. 2015இல் மாதம் 7,700 ரூபாய்க்கு ஒப்பந்தத்தில் சேர்ந்த அரசு நர்ஸ் பேட்ச் நாங்கள். 2017 நவம்பரில் பணி நிரந்தரம் கேட்டுத் தெருவுக்கு வந்தோம் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

தாழம்பூ சிஸ்டர், அந்தப் பெண் நின்றுகொண்டே இருந்தாள் என்று எழுதினீர்களே, எனக்கு அங்கேதான் வலித்தது. கடை ஊழியர்கள் உட்கார நாற்காலி தர வேண்டும் என்று 2021இல் நம் மாநிலத்தில் சட்டத்தையே திருத்தினார்கள். எங்கள் நர்சிங் ஸ்டேஷனில் ஒரு நாற்காலிதான் உண்டு, அதுவும் டாக்டர் வந்தால் அவருக்கு.

என் அனுபவம் சின்னது. இரவு மூன்று மணி, அடுத்தடுத்து இரண்டு டெத். நைட் சூப்பர்வைசர் அக்கா வந்தார். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. மூன்றாவது படுக்கைக்குப் போய், சளியை உறிஞ்சி எடுக்கும் சக்ஷன் போட ஆரம்பித்தார். "நீ போய் முகம் கழுவிட்டு வா, நான் இருக்கேன்." பத்து நிமிடம். இன்றைக்கும் அவர் ஒரு வார்த்தை கூப்பிட்டால் எந்த ஊருக்கும் போவேன்.

வட்டாரத்து டாக்டர்

மேலே சிஸ்டர் சொன்னது சரி. ஆனால் ஆள் கூடினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. என்னுடையது ஆள் பற்றாக்குறை சம்பந்தப்பட்டதே இல்லை.

ஒரு தாய் இறப்பு. மாவட்ட ஆய்வுக் கூட்டம். எங்கள் கிராம சுகாதார செவிலியரை எழுந்து நிற்கச் சொன்னார்கள். கர்ப்பத்தின் இரண்டாவது மாதத்திலிருந்து, இறந்த அந்தப் பெண்ணின் ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் எல்லாவற்றையும் தேதியோடு எழுதி வைத்தவர். பதிவேட்டை மார்போடு அணைத்தபடி நின்றார். "ஏன் லேட்?" என்று மூன்று முறை கேட்டார்கள். ஆம்புலன்ஸ் வண்டி வேறு கேஸுக்குப் போயிருந்தது, மாற்று வண்டிக்குப் பேசிக்கொண்டிருந்தது நான். எழுந்து "அது என் பொறுப்பு" என்று சொல்ல ஒரு நொடி போதும். நான் என் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது ஜீப்பில் நாற்பது நிமிடம். அவர் பின் சீட்டில். ஊர் வந்ததும் இறங்கி, "வர்றேன் சார், நாளைக்குத் தடுப்பூசி கேம்ப் இருக்கு" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்றைக்கு எனக்கும் பயம். முந்தின இரண்டு கூட்டத்திலும் என்னை நிற்கவைத்திருந்தார்கள். அதைச் சாக்காகச் சொல்லவில்லை, மேலே வாங்கியதை அப்படியே கீழே இறக்கிவிட்டேன் என்றுதான் சொல்கிறேன்.

தரக் கட்டுப்பாடு மேசை

எல்லோரும் உணர்ச்சியோடு எழுதியிருக்கிறீர்கள். நான் கொஞ்சம் நடைமுறை சொல்கிறேன், உதவினால் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இது சோம்பலோ பலவீனமோ இல்லை. பர்ன்அவுட் என்ற சொல் 1974இலேயே வந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதை நோய்கள் வரிசையில் வைக்காமல், வேலையிடத்தில் சமாளிக்கப்படாத நெருக்கடியால் வரும் நிலை என்று வகைப்படுத்தியது. அடையாளம் மூன்று: சக்தி வற்றிப்போவது, வேலையிடமிருந்தும் மனிதரிடமிருந்தும் மனம் விலகிப்போவது, என்னால் உருப்படியாக எதுவும் ஆகவில்லை என்ற எண்ணம். தாழம்பூ சிஸ்டர் தலையைத் தூக்காமல் பதில் சொன்னது இந்த இரண்டாவதுதான். வேலையிடத்தில் உண்டாகிறது என்றால் சரிசெய்ய வேண்டியதும் அங்கேதான். வெறும் யோகா வகுப்பு வைத்து முடித்துக்கொள்ளக் கூடாது.

வட்டாரத்து டாக்டருக்கு: சிகிச்சையில் தவறு நேர்ந்தால் அதில் சிக்கிய ஊழியரை "இரண்டாவது பாதிக்கப்பட்டவர்" என்று 2000ஆம் ஆண்டில் ஆல்பர்ட் வூ என்ற மருத்துவர் எழுதினார். உங்கள் செவிலியர் தவறே செய்யாமல் அந்த இடத்தில் நின்றிருக்கிறார். இறப்பு நேர்ந்த அன்றே, கேஸ் ஷீட் கேட்பதற்கு முன், பத்து நிமிடம் உட்காரவைத்துப் பேசுங்கள். விசாரணையை வேறு நாளில், வேறு ஆளை வைத்துச் செய்யுங்கள். இரண்டையும் ஒரே மேசையில் வைத்தால் அடுத்த முறை யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள்.

அப்புறம், இன்சார்ஜின் சொந்த எண்ணை எல்லோருக்கும் கொடுக்காதீர்கள். பதவிக்கென்று ஒரு போன் இருக்கட்டும், ஷிஃப்ட் முடிந்தால் அது கை மாறட்டும். இரவு டியூட்டி முடிந்தவரைக் காலை மீட்டிங்குக்குக் கூப்பிடாதீர்கள். தூக்கம் வரவில்லை, அழுகை நிற்கவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண் 14416க்குக் கூப்பிடுங்கள். தமிழில் பேசலாம், இரவிலும் எடுப்பார்கள்.

என் அனுபவம் என்றால், நான் இதையெல்லாம் ஸ்லைடு போட்டுச் சொல்லிக்கொடுத்த வாரத்தில் என் டீமில் ஒரு பையன் வேலையை விட்டுப் போனான். போகும்போது "சார், நீங்க ஒரு தடவை நேர்ல கேட்டிருந்தா இருந்திருப்பேன்" என்றான்.

ஒப்பந்தத்தில் பத்து வருஷம்

சார், போன் கை மாற வேண்டும் என்றால் வாங்கிக்கொள்ள அடுத்த ஷிஃப்டில் ஒரு இன்சார்ஜ் வேண்டும். நான் முதலிலிருந்து அதைத்தான் சொல்கிறேன். ஆனால் அந்தக் கடைசி இரண்டு வரியை நீங்கள் முதலில் எழுதியிருக்கலாம்.

இங்கிலாந்திலிருந்து

இங்கே என்ஹெச்எஸ்ஸில் (அரசு மருத்துவச் சேவை) நான் வார்டு மேனேஜர். ஷ்வார்ட்ஸ் ரவுண்ட்ஸ் என்று ஒன்று நடக்கும். பாஸ்டனில் நுரையீரல் புற்றுநோயால் 1995இல் இறந்த ஒரு வழக்கறிஞரின் பெயரில் வந்தது. டாக்டர், நர்ஸ், துப்புரவாளர், வரவேற்பாளர் எல்லோரும் ஒரு மணி நேரம் ஒன்றாக உட்கார்ந்து, ஒரு சம்பவம் தங்களை என்ன செய்தது என்று மட்டும் பேசுவோம். யாரும் தீர்வு சொல்லக் கூடாது. நம் ஆட்களுக்கு அதுதான் கஷ்டம்.

நான் பேச வேண்டிய நாளில் நாலு வரி ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தேன். மைக்கைப் பிடித்ததும் வந்தது "அம்மா" என்ற ஒரு சொல்தான். அம்மா ஊரில் இறந்த வாரம் நான் இங்கே இன்னொருவரின் அம்மாவுக்குக் கண்ணை மூடிவிட்டேன். அறையில் யாரும் எதுவும் சொல்லவில்லை. சமையலறையில் வேலை செய்யும் பெரியவர் எழுந்து வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

தாழம்பூ சிஸ்டர்

எல்லாவற்றையும் படித்தேன். நேற்று அந்த ஐசியு பெண்ணைக் கூப்பிட்டு முதலில் உட்காரச் சொன்னேன். அடுத்த மாத ரோஸ்டரை அவள் முன்னால் வைத்து, எங்கே நெருக்குகிறது என்று கேட்டேன். விரலால் ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். மூன்று இடத்தில் நைட் முடிந்த மறுநாளே காலை ஷிஃப்ட் விழுந்திருந்தது, காட்டினாள். கடைசியில், "மேடம், 34 பேரோட பேர் இருக்கு, உங்க பேருக்கு வரிசையே இல்லையே" என்றாள்.

பதினோரு வருடமாக நான் போடும் தாள் அது. 35ஆவது வரிசையை பென்சிலால் போட்டு, ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் ஆஃப் என்று எழுதியிருக்கிறேன். அன்றைக்குப் போனை வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும் என்று நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தேன். இன்னும் பதில் வரவில்லை. ஞாயிறுக்கு நான்கு நாள் இருக்கிறது.