பூட்டுத்தடமா, வளையத்தடமா?

அண்ணனுக்கும், இசைச் சொற்களுக்குத் தமிழ்ப் பெயர் தேடிப் பட்டியல் போடும் நம் குழுவில் உள்ள எல்லோருக்கும் வணக்கம்.

போன வாரம் ஜெர்மனியிலிருந்து வந்த சித்தப்பா மகன், அங்கே கிளப்புகளில் தட்டு போடும் ஒரு டீஜேயின் புதிய டெக்னோ (மின்னணு நடன இசை) ரெக்கோட்டைக் கையோடு கொண்டுவந்தான். ஹட்டனில் எங்கள் வீட்டில் அப்பாவின் பழைய பிளேயர் இன்னும் ஓடுகிறது. இரண்டாம் பக்கம் முடியப்போகிறது என்று எழுந்து போனேன். முடியவில்லை. ஊசி உள்ளே நகராமல் நின்றுவிட, டிரம்மின் நாலு அடி மட்டும் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் மூன்றாம் அடிக்குச் சற்று முன்னால் மெல்லிதாக ஒரு ‘டிக்’. தட்டில் தடத்தை வெட்டியவர் வட்டத்தின் தலையையும் வாலையும் சேர்த்த இடம் அது. தட்டை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், லேபிளுக்குப் பக்கத்தில், மற்ற வரிகளிலிருந்து விலகித் தலைமுடி அளவில் ஒரு வட்டம் தனியாகத் தெரிகிறது.

‘லொக்ட் குரூவ்’ என்று அவர்கள் சொல்லும் இதற்கு அண்ணன் ‘பூட்டுத்தடம்’ என்று எழுதியிருந்தார். எனக்கு மனம் ஒப்பவில்லை. பூட்டு என்றதும் நமக்குத் திறப்பு நினைவுக்கு வரும், சாத்திய கதவு நினைவுக்கு வரும். இந்தத் தட்டில் சாத்திக் கிடப்பது எதுவும் இல்லை. ஊசியைத் தூக்கினால் அதோடு சரி. இன்னொருவர் சொன்ன ‘சுழல்தடம்’ கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் தட்டில் உள்ள எல்லாத் தடமும் சுழல்வதுதானே? இதற்கு மட்டும் அந்தப் பெயரைக் கொடுத்தால் மற்றதை என்ன சொல்லி அழைப்பது?

என் யோசனையைச் சொல்ல நம் மலைநாட்டு ரயில் பாதையில் உள்ள தெமோதரைக்குப் போக வேண்டும். எல்லயிலிருந்து பதுளைக்கு இறங்கும் ரயில் தெமோதரை ஸ்டேஷனை விட்டுக் கிளம்பி, மலையைச் சுற்றி வளைந்து, அதே ஸ்டேஷனுக்கு அடியில் உள்ள சுரங்கத்துக்குள் நுழைகிறது. புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டோம், ஆனால் ஒரு படி கீழே. சாதாரண ரெக்கோட்டின் தடமும் அப்படித்தான். வட்டம் போலத் தெரிந்தாலும் ஒவ்வொரு சுற்றிலும் ஊசி கொஞ்சம் உள்ளே இறங்குகிறது. அது சுருள். நாம் பெயர் தேடுவதோ, தெமோதரை ரயில் மலையைச் சுற்றிவந்து, கீழே இறங்காமல், கிளம்பிய அதே மேடையில் வந்து நிற்பது போன்றது. அது வளையம். இந்த வித்தியாசம் பெயரிலேயே தெரிய வேண்டும் என்பதுதான் நான் கேட்பது. மற்றது சுருள்தடம், இது வளையத்தடம்.

வளையம் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடினால் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. அதற்குள் நாலு அடி சரியாக அடங்க வேண்டுமானால் வேகம் நிமிடத்துக்கு 133⅓ அடியாக இருந்தாக வேண்டும். டெக்னோ ஓடும் வேகமும் அதை ஒட்டியதுதான். இசையின் காலத்தை வளையத்தின் சுற்றே அளந்து கொடுக்கிறது. பாரிஸ் வானொலியில் பிரெஞ்சு இசையமைப்பாளர் பியர் ஷேஃபர் 1948-இல் இப்படி மூடிய தடங்களை வைத்து ஒலிச் சோதனைகள் செய்தார். 1990-களில் டெட்ரொய்ட்டின் டெக்னோ டீஜே ஜெஃப் மில்ஸ் இவற்றில் பலவற்றை ஒரே தட்டில் வெட்டி, டீஜேக்களின் கைக்குக் கருவியாகக் கொடுத்தார். ஒரு பிளேயரில் வளையத்தை ஓடவிட்டு, அடுத்ததில் இன்னொரு தட்டை மேலே சேர்த்துக்கொள்ளலாம். நம் தோட்டங்களில் ஆடும் காமன் கூத்தில் தப்பு மேளக்காரர்கள் ஒரே அடியை விடாமல் பிடித்து நிற்க, அதன் மேல் ஆட்டம் மாறிக்கொண்டே போகுமே, அந்த வேலைதான்.

‘கீறல்தடம்’ வேண்டவே வேண்டாம். அப்பா திருவிழாக்களுக்கு ஸ்பீக்கர் கட்டப் போனவர். பாட்டு நடுவில் ஊசி மாட்டிக்கொண்டால், ஒரு நாணயத்தை எடுத்து ஊசித் தலையில் வைத்துப் பாட்டை ஓட்டிவிடுவார். கீறல் தற்செயலாக வந்த பழுது. வளையம் நினைத்து வெட்டியது. ‘லய வளையம்’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். இசை தெரிந்தவர்களுக்கு நல்ல சொல்தான். எங்கள் பக்கத்தில் லயம் என்றால் முதலில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடான லயக்காம்பராதான் கண்ணில் வரும், அதனால் விட்டுவிடலாம்.

புணர்ச்சி விதிப்படி பார்த்தால் சுருள்தடம் ‘சுருட்டடம்’ ஆக வேண்டும் என்று யாராவது எழுதுவீர்கள். விதி சரி. ஆனால் அப்படி எழுதினால் படிக்கிறவருக்குச் சுருளும் தெரியாது, தடமும் தெரியாது. அதை மட்டும் பிரித்தே வைத்துக்கொள்வோம்.

*

தம்பிக்கு,

பண்டாரவளையிலிருந்து எழுதுகிறேன். தெமோதரைக்கு மாதம் ஒருமுறையாவது போய்வருகிற எனக்கு இது தோன்றவில்லையே என்றுதான் நினைத்தேன். சுருள், வளையம் என்ற பிரிவு நன்றாகவே பொருந்துகிறது. ஒரு கேள்வி: கணினியில் ஓர் ஒலித்துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிடுகிறார்களே, அந்த ‘லூப்’பையும் பட்டியலில் வளையம் என்றுதான் போட்டிருக்கிறோம். குழப்பம் வராதா?

*

அண்ணன், வராது என்றே நினைக்கிறேன். கணினியில் சுற்றுவது வெறும் வளையம். தட்டில் வெட்டிவைத்தால் வளையத்தடம். இரண்டும் ஒரே குடும்பம் என்பது பெயரிலேயே தெரிவதும் நல்லதுதானே.

*

சரி தம்பி. ‘பூட்டுத்தடம்’ என்ற பதிவை எடுத்துவிடுகிறேன். 33⅓ கணக்கையும் விளக்கத்தில் சேர்க்க வேண்டும், அதை மட்டும் இரண்டு வரியில் நீயே எழுதி அனுப்பு.