மகனுக்குப் பல் கிளிப்: மூன்று இடங்களில் மூன்று தொகை சொல்கிறார்கள், எப்படிப் புரிந்துகொள்வது?

பெருந்துறைவாசி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு 8 வயது முடிந்துவிட்டது; மூன்றாம் வகுப்புப் படிக்கிறான். 6 வயது வரை விரல் சூப்பும் பழக்கம் இருந்ததாலோ என்னவோ, மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் முளைக்கும்போதே சற்று எடுப்பாக முளைத்துவிட்டன. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளியும் இருக்கிறது. பள்ளியில் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள் என்று சொல்லத் தொடங்கியதும் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன்.

பெருந்துறையில் பார்த்த மருத்துவர், கழற்றி மாட்டும் கருவி ஒன்றை இப்போதே போட வேண்டும், அதற்கு 28,000 ரூபாய், 12 வயதில் கிளிப் போடும்போது அதற்குத் தனித் தொகை என்றார். ஈரோட்டில் பார்த்தவர், இப்போது எதுவும் தேவையில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டிவிட்டு 12 வயதில் வாருங்கள், உலோகக் கிளிப்புக்கு இன்றைய கணக்கில் 45,000 ஆகும் என்றார். கோவையில் ஒரு பெரிய கிளினிக்கில், பிற்பாடு அலைனர்தான் (கம்பிக்குப் பதிலாகப் பற்கள் மேல் கழற்றி மாட்டும் ஒளிபுகும் பிளாஸ்டிக் உறை) சிறந்தது, 1,35,000 ஆகும், இன்றே முன்பணம் கட்டினால் 10,000 தள்ளுபடி, மீதியை வட்டியில்லாத் தவணையில் கட்டலாம் என்றார்கள். ஈரோட்டு மஞ்சள் மண்டியில்கூட ஒரே நாளில் ஒரே ரகத்துக்கு இத்தனை விலை வித்தியாசம் இருக்காது.

நான் திருப்பூரில் ஒரு பனியன் நிறுவனத்தின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். தேவையென்றால் சீட்டு எடுத்தாவது செலவு செய்யத் தயார். தேவையில்லாததற்குச் செய்ய மனமில்லை. பையனுடைய அமுச்சியோ (அம்மாவைப் பெற்ற பாட்டி), கோரைப் பல் முளைத்தால் எல்லாம் தானாக வரிசைக்கு வந்துவிடும் என்கிறார். தொகை ஏன் இவ்வளவு மாறுபடுகிறது, சொல்லும் தொகைக்குள் எவையெல்லாம் அடங்கும், காத்திருந்தால் நட்டம் உண்டா, மருத்துவக் காப்பீட்டில் கிடைக்குமா என்பதை அனுபவப்பட்டவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

பொள்ளாச்சி அம்மா:

என் மகளுக்கு 12 வயதில் கிளிப் போட்டு, சென்ற ஆண்டுதான் கழற்றினோம். நான் வீட்டுச் செலவை நோட்டில் எழுதி வைக்கும் பழக்கமுடையவள் என்பதால், நினைவிலிருந்து அல்லாமல் கணக்கைப் பார்த்தே சொல்கிறேன்.

எங்களுக்குச் சொல்லப்பட்ட தொகை 38,000. அதைத்தான் செலவு என்று நினைத்துக்கொண்டு இறங்கினோம். தொடங்குவதற்கு முன்பே எல்லாப் பற்களையும் ஒரே படத்தில் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரே, பக்கவாட்டுத் தலை எக்ஸ்ரே, பல் அச்சு ஆகியவற்றுக்கு 1,800 ஆனது. பல் சுத்தம் செய்து, இரண்டு சொத்தைப் பற்களை அடைக்க 2,600. இடம் போதாததால் நான்கு பற்களைப் பிடுங்கச் சொன்னார்கள். பல்லுக்கு 700 வீதம் 2,800. நடுவில், கம்பியைப் பிடித்துக்கொள்ளப் பல்லில் ஒட்டும் பிராக்கெட் ஐந்து முறை பெயர்ந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் 300, ஆக 1,500. எல்லாம் முடிந்து கிளிப்பைக் கழற்றிய அன்றுதான், பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பாமலிருக்க ரிடெய்னர் போட வேண்டும், அது தனி என்று 4,000 வாங்கினார்கள். அதை மகள் நான்கே மாதத்தில் தொலைத்தாள். புதிதாகச் செய்ய 2,500. கூட்டினால் 53,200 வருகிறது. சொன்ன தொகைக்கு மேல் 15,200.

மருத்துவர் எங்களை ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. வேலை நன்றாகவே வந்திருக்கிறது. நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை என்பதுதான் குறை. ஆகவே நீங்கள் மூன்று கிளினிக்கிலும் ஒரே தாளை நீட்டி, எக்ஸ்ரே, அச்சு, பல் பிடுங்குவது, பெயர்ந்த பிராக்கெட்டை ஒட்டுவது, ரிடெய்னர், கழற்றிய பிறகு வந்து காட்டுவது ஆகிய ஒவ்வொன்றும் தொகைக்குள்ளா வெளியா என்று எழுதி வாங்குங்கள். 18 மாதம் என்று சொன்னது 26 மாதமாக நீண்டால் கூடுதல் மாதங்களுக்குப் பணம் உண்டா என்பதையும் கேளுங்கள். எங்களுக்கு அப்படித்தான் நீண்டது. நல்ல வேளையாகக் கூடுதல் கட்டணம் கேட்கவில்லை.

நோட்டில் எழுதாத செலவு ஒன்றும் உண்டு. பொள்ளாச்சியிலிருந்து கோவைக்கு மாதம் ஒருமுறை பேருந்தில் போய் வந்தால் அரை நாள் போய்விடும்; 26 மாதமும் யாராவது ஒருவர் வேலையை விட்டுவிட்டுத்தான் போனோம். பிராக்கெட் பெயர்ந்ததில் பாதி, பொங்கல் கரும்பாலும் தீபாவளி முறுக்காலும் வந்தது. ஒவ்வொரு முறை பெயரும்போதும் பணத்தோடு சில வாரங்களும் சேர்ந்தே போயின. கம்பியை இறுக்கிய முதல் இரண்டு நாளுக்குச் சந்தகையும் அரிசிம்பருப்புச் சாதமும்தான் அவளைக் காப்பாற்றின.

நாமக்கல் பல் மருத்துவர்:

நான் பல் சீரமைப்பில் முதுநிலைப் படிப்பு முடித்து இருபது ஆண்டுகளாகத் தொழில் செய்பவன். வாயைப் பார்க்காமல் உங்கள் மகனுக்கு இதுதான் தேவை என்று சொல்ல இயலாது. ஆனால் மூன்று மருத்துவர்களும் மூன்று வேறு கேள்விகளுக்கு விடை சொல்லியிருக்கிறார்கள் என்பதை உங்கள் பதிவைப் படித்ததும் உணர முடிகிறது.

முதலாவது, இப்போதே தொடங்க வேண்டுமா என்பது. 6 வயதிலிருந்து 12 வயது வரை பால் பற்களும் நிலையான பற்களும் கலந்திருக்கும். இந்த வயதிலேயே கை வைக்க வேண்டிய சிக்கல்கள் சில உண்டு. மேல் முன்பல் கீழ்ப்பல்லுக்கு உட்புறமாகக் கடிப்பது, மேல்தாடை குறுகிக் கடிக்கும்போது கீழ்த்தாடை ஒரு பக்கமாக நகர்வது, விரல் சூப்புதல் இன்னும் நிற்காமலிருப்பது ஆகியவற்றைத் தள்ளிப்போட்டால் பிற்பாடு வேலையும் செலவும் கூடும். எடுப்பான பல்லின் கதை வேறு. இதைப் பற்றி நடந்த ஆய்வுகளைக் காக்ரேன் என்ற பன்னாட்டு மருத்துவ ஆய்வு அமைப்பு ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தது. சிறு வயதில் ஒருமுறை, வளர்ந்த பிறகு ஒருமுறை என்று இரண்டு கட்டமாகச் செய்தாலும், வளர்ந்த பிறகு ஒரே கட்டமாகச் செய்தாலும் இறுதியில் கிடைக்கும் பல்வரிசை ஏறத்தாழ ஒன்றுதான் என்பது அதன் முடிவு. முன்கூட்டியே செய்வதால் கிடைக்கும் தெளிவான நன்மை, விழுந்து முன்பல் உடையும் வாய்ப்புக் குறைவது மட்டுமே. ஓட்டமும் சைக்கிளுமாக இருக்கும் பையனுக்கு அது சிறிய நன்மை அன்று. உடைந்த முன்பல்லுக்கு வேர் சிகிச்சை, உறை என்று ஆயுள் முழுவதும் செலவு தொடரும்.

ஆகவே, மேல்பல் கீழ்ப்பல்லைவிட எத்தனை மில்லிமீட்டர் முன்னால் நிற்கிறது என்று கேளுங்கள். இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையில் சிகிச்சைத் தேவையை 5 படிகளாகப் பிரித்து, 18 வயதுக்கு உட்பட்டவர்களில் மேல்படிகளில் இருப்போருக்கே அரசு செலவில் செய்கிறார்கள். அதில் 6 மி.மீட்டரைத் தாண்டினால் 4 ஆம் படி, 9 ஐத் தாண்டினால் 5 ஆம் படி. நம் ஊரில் அந்த விதி கிடையாது. இருந்தாலும் ‘எடுப்பாக இருக்கிறது’ என்ற சொல்லுக்குப் பதிலாக ஓர் எண் கையில் இருந்தால் மூன்று மருத்துவர்களின் யோசனையையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நடு இடைவெளியைப் பொறுத்தவரை அமுச்சி சொல்வதில் உண்மை இருக்கிறது. 8, 9 வயதில் முன்பற்களுக்கிடையே இடைவெளி தெரிவது பெரும்பாலும் இயல்பு. 11, 12 வயதில் மேல் கோரைப் பற்கள் இறங்கும்போது பலருக்கும் அது தானாக மூடிக்கொள்ளும். ஆனால் எடுப்பு தானாகக் குறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இரண்டாவது, தொகை எதற்கு என்பது. உலோகத்துக்காக நீங்கள் கொடுப்பது சிறு பகுதிதான். பல் என்பது எலும்பில் ஆணி போல் அறையப்பட்டதன்று. மெல்லிய நார்ப்படலத்தால் பிணைக்கப்பட்டிருக்கிறது. கம்பி அழுத்தும் பக்கத்தில் எலும்பு கரைந்து, எதிர்ப்பக்கத்தில் புதிதாகப் படிவதால்தான் பல் நகர்கிறது, அதுவும் மாதத்துக்கு ஏறத்தாழ 1 மி.மீ. பொள்ளாச்சி அம்மாவின் மகளுக்குப் பிடுங்கியது முன் கடைவாய்ப் பற்களாக இருக்கும். அந்த இடம் ஒவ்வொன்றும் 7 மி.மீ. அளவு இருக்கும் என்பதால், அதை மூடவே ஆறேழு மாதம் தேவை. அவசரப்பட்டுக் கூடுதலாக இழுத்தால் வேர் கரையும். ஆகவே நீங்கள் விலை கொடுத்து வாங்குவது ஒன்றரை, இரண்டு ஆண்டுக்காலம் ஒருவர் மாதந்தோறும் உட்கார்ந்து பார்க்கும் நேரத்தை. அந்த ஒருவர் யார் என்பதை அவசியம் கேளுங்கள். பல் சீரமைப்பில் மூன்று ஆண்டு முதுநிலைப் படிப்பு முடித்தவர்தான் ஒவ்வொரு முறையும் பார்க்கிறாரா, மாதம் ஒருநாள் வந்துபோகிறாரா, அல்லது திட்டம் மட்டும் அவருடையதா என்பதைப் பொறுத்தே தொகை நியாயமா இல்லையா என்று சொல்ல முடியும்.

மூன்றாவது, எந்த வகைக் கருவி என்பது. பல் நிறத்துப் பீங்கான் பிராக்கெட்டுக்குக் கூடுதலாகக் கொடுப்பது தோற்றத்துக்காக மட்டுமே. சிகிச்சை அதனால் விரைவாக முடியாது. ரப்பர் வளையம் இல்லாமல் தானே பூட்டிக்கொள்ளும் வகைக்கும் காலம் குறையும் என்று விளம்பரம் செய்கிறார்கள். ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. அலைனரில் பெருந்தொகை அதைத் தயாரிக்கும் நிறுவனத்துக்குப் போகிறது. நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் அணிந்தால்தான் அது வேலை செய்யும். ஒழுங்காக அணியும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனால் தண்ணீர்ப் புட்டியையே வாரம் ஒன்று தொலைக்கும் பையன் என்றால் யோசியுங்கள்.

இன்றே கட்டினால் தள்ளுபடி என்பதற்கு மட்டும் மயங்க வேண்டாம். சில ஆண்டுகளுக்குப் பிறகு செய்யப்போகும் வேலைக்கு இன்று முன்பணம் எதற்கு? அமெரிக்காவில் அஞ்சல் வழியாக அலைனர் அனுப்பிவந்த ஸ்மைல் டைரக்ட் கிளப் என்ற நிறுவனம் 2023 டிசம்பரில் தொழிலையே நிறுத்தியபோது, பாதி சிகிச்சையில் இருந்தவர்கள் நடுவில் நின்றார்கள். தவணையில் இருந்தவர்களைத் தொடர்ந்து கட்டவும் சொன்னது. வேலை நடக்க நடக்கப் பணம் கொடுப்பதே இரு தரப்புக்கும் நல்லது.

கடைசியாக ஒன்று. பால் பல் எப்படியும் விழத்தானே போகிறது என்று சொத்தையை விட்டுவிடாதீர்கள். பால் கடைவாய்ப் பல் முன்கூட்டியே போய்விட்டால் பின்னால் இருக்கும் பல் முன்னோக்கிச் சாய்ந்து, அடியில் வர வேண்டிய பல்லுக்கு இடமில்லாமல் செய்துவிடும். சில நூறு ரூபாயில் அடைத்திருக்க வேண்டிய பல்லுக்காக நான்கு ஆண்டு கழித்துக் கிளிப் போட வருகிறவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன்.

சங்ககிரி லாரிக்காரர்:

கிளினிக்கை மட்டுமே பேசுகிறீர்கள். கோவை, ஈரோடு, திருச்செங்கோடு, சேலம் என்று நம்மைச் சுற்றிப் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. என் மகளுக்கு அப்படி ஒரு கல்லூரியில்தான் செய்தோம். எக்ஸ்ரே, ரிடெய்னர் உட்பட மொத்தம் 19,500. நான்கு தவணையாகக் கட்டினோம். முதுநிலை மாணவர்தான் செய்வார். ஆனால் ஒவ்வொரு படியிலும் பேராசிரியர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே அடுத்த வேலை நடக்கும்.

குறையும் உண்டு. வார நாட்களில் காலையில்தான் போக வேண்டும்; ஒருமுறை போனால் மதியம் ஆகிவிடும். மாணவருக்குப் படிப்பு மூன்று ஆண்டுதான் என்பதால், இறுதியாண்டு மாணவரிடம் சேர்ந்தால் பாதியில் அவர் போய்விடுவார், புதியவர் முதலிலிருந்து ஏட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டும். எங்களுக்கு அப்படி ஆகி நான்கு மாதம் வீணானது. சேரும்போதே முதலாண்டு மாணவரிடம் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்ளலாம்.

காப்பீட்டை நம்ப வேண்டாம். விபத்தில் அடிபட்டு மருத்துவமனையில் சேர்ந்து செய்யும் பல் சிகிச்சைக்குத்தான் சாதாரணப் பாலிசிகளில் பணம் கிடைக்கும், கிளிப்புக்குக் கிடைக்காது.

பெருந்துறைவாசி:

மூவருக்கும் நன்றி. நேற்று ஈரோட்டு மருத்துவரிடம் மீண்டும் போய் அளக்கச் சொன்னேன், 5 மி.மீ. என்றார். பெருந்துறை மருத்துவரிடமும் அதே எண்ணைச் சொல்லி, இப்போதே செய்ய வேண்டிய காரணம் என்னவென்று கேட்டேன். கேலியை நிறுத்தலாம் என்பதைத் தவிர வேறு அவசரம் இல்லை என்று அவரே நேர்மையாக ஒப்புக்கொண்டார். விரல் சூப்புவது நின்று இரண்டு ஆண்டு ஆகிவிட்டதால், 11 வயது வரை காத்திருக்க முடிவு செய்திருக்கிறோம். கேலியைப் பற்றி வகுப்பாசிரியரிடம் பேசியிருக்கிறேன். எக்ஸ்ரேயில் பால் கடைவாய்ப் பல் ஒன்றில் சொத்தை தெரிந்தது. அதை அடைக்க 900 ஆனது. கோவைக் கிளினிக்கிலிருந்து மட்டும் தள்ளுபடி இன்னும் இருக்கிறது என்று நாள்தோறும் அழைப்பு வருகிறது.

பொள்ளாச்சி அம்மாவுக்கு ஒரு கேள்வி: ரிடெய்னரை எவ்வளவு காலம் போட வேண்டும் என்றார்கள்? அதுவும் எப்படித் தொலைந்தது?

பொள்ளாச்சி அம்மா:

முதல் ஆறு மாதம் சாப்பிடும் நேரம் தவிர நாள் முழுவதும், அதற்குப் பிறகு இரவில் மட்டும், அதுவும் ஆண்டுக்கணக்கில் என்றார்கள். தொலைந்தது ஒரு கல்யாணப் பந்தியில்தான். கழற்றிக் காகிதத்தில் சுற்றி இலை ஓரத்தில் வைத்தாளாம். இலையை எடுத்தவர்கள் அதையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். மண்டபத்துக்குப் பின்னால் அவளுடைய அப்பிச்சியும் (தாத்தா) நானும் அரைமணி நேரம் எச்சில் இலைகளைப் புரட்டிப் பார்த்தோம், கிடைக்கவில்லை. அதை வைக்கும் டப்பாவை முதல் நாளே கேட்டு வாங்கிவிடுங்கள். எங்களுக்குத் தந்திருந்தார்கள், வீட்டு அலமாரியில் பத்திரமாக இருந்தது.