ஆக்டேவியா ஆர்எஸ் 1.8 டர்போ: பெல்ட் வேலைக்குப் பிறகு ஒரு டியூப் அந்தரத்தில் தொங்குகிறது, எங்கே மாட்டுவது?

பீளமேட்டுக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2005 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல், 150 குதிரைத்திறன், 1,38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அப்பா ஆசைப்பட்டு வாங்கிய கார். அவர் போன பிறகு விற்க மனசு வரவில்லை, நான்தான் ஓட்டுகிறேன்.

போன மாதம் ஒரு ஒர்க் ஷாப்பில் டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் மூன்றும் மாற்றினேன். அதற்காக ஏர் ஃபில்டர் பெட்டியையும் நிறைய டியூப்களையும் கழற்றியிருக்கிறார்கள். வண்டி கைக்கு வந்ததிலிருந்து ஐட்லிங் (ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) நிலையாக நிற்பதில்லை. 700க்கும் 1,100க்கும் நடுவே ஏறி இறங்குகிறது. மூன்றாவது கியரில் முழுசாக மிதித்தால் முதலில் பிய்த்துக்கொண்டு போகிறது, 3,000 ஆர்பிஎம் தாண்டியதும் யாரோ பின்னால் பிடித்து இழுத்த மாதிரி அப்படியே அடங்கிவிடுகிறது. சாவியை அணைத்துப் போட்டால் சரியாகிறது, அடுத்த முறை மிதித்தால் மறுபடியும் அதேதான். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது புறா சிறகடிப்பது போல படபடவென்று ஒரு சத்தம், இதுவும் புதுசு.

போனில் மாட்டும் சின்ன ஸ்கேனர் பி0171, பி1557 என்று இரண்டு பழுதுக் குறியீடு காட்டுகிறது. எரிபொருள் திருத்தம், அதாவது கம்ப்யூட்டர் கூடுதலாகச் சேர்க்கும் பெட்ரோல், +22 சதவீதம். இன்னொன்று, ஐட்லிங்கில் பிரஷர் 97 கிலோபாஸ்கல் என்று காட்டுகிறது. வாக்யூமே (இன்ஜின் காற்றை உறிஞ்சும் இழுப்பு) இல்லை என்று அர்த்தமா?

பானெட்டைத் திறந்து பார்த்தால் பாதிப் பொருளுக்குப் பெயர் தெரியவில்லை. ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்குப் போகும் தடிமனான குழாய்க்குப் பக்கத்தில் தீப்பெட்டி அளவு கறுப்பு வால்வு ஒன்று, டியூப் மாட்டும் மூன்று காது, ஒரு ஒயர் சாக்கெட். அதே குழாயில் சேரும் இன்னொரு டியூபில் சின்னத் தட்டு மாதிரி வட்டமாக ஒன்று. இன்ஜின் முன்பக்கம் மேனிஃபோல்டுக்கு (இன்ஜினுக்குள் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாய்த் தொகுதி) அடியில் ஒரு கறுப்பு டப்பா, அதன் பக்கத்திலும் மூன்று காது வால்வு ஒன்று. அதில் ஒரு காது காலியாக இருக்கிறது. துணி பின்னிய மெல்லிய டியூப் ஒன்று அந்தரத்தில் தொங்குகிறது. ஏர் ஃபில்டர் பக்கம் ஒரு உருளை டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருக்கிறது. ஒர்க் ஷாப்பில் கேட்டால் "முதலிலேயே இப்படித்தான் இருந்தது" என்கிறார்கள். தெரிந்தவர்கள் உதவுங்கள்.

சேலம்_டீசல்:

காலிக் காதை ஒரு சின்ன போல்ட் போட்டு அடைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். லீக் எங்கே என்று தெரியவேண்டுமானால் ஊதுபத்தியைக் கொளுத்தி டியூப் பக்கம் காட்டுங்கள், புகை உள்ளே இழுத்தால் அதுதான் இடம். என் வண்டியில் அப்படித்தான் கண்டுபிடித்தேன்.

இருபது_வால்வு:

முதலில் ஒரு வார்த்தை: ஊதுபத்தி வேண்டாம். இது பெட்ரோல் வண்டி. நீங்கள் கைவிடப் போகும் இடத்தில்தான் இன்ஜெக்டர் ரெயிலும் பெட்ரோல் ஆவி வரும் டியூபும் இருக்கின்றன. டீசலில் செய்ததை இங்கே செய்யாதீர்கள். போல்ட் போட்டு அடைப்பதும் இப்போதைக்கு வேண்டாம், அந்தக் காது எதற்கு என்று தெரிந்த பிறகு பார்க்கலாம்.

தம்பி, இதே இன்ஜினை 14 வருஷமாக வைத்திருக்கிறேன். படத்தை வைத்து டியூபைத் தேடாதீர்கள். இணையத்தில் கிடைக்கும் வரைபடங்களில் பாதி அமெரிக்காவுக்குப் போன வண்டிகளுக்கானது. அதில் எக்சாஸ்டுக்குக் காற்று ஊதும் பம்பும் அதற்கென்று தனி வால்வும் இருக்கும். உங்கள் வண்டியில் பம்ப் இல்லையென்றால் அந்த டியூபும் இருக்காது. ஒவ்வொரு டியூபையும் பிடித்துக்கொண்டு, இது அழுத்தத்தைக் கொண்டுபோகிறதா, வாக்யூமைக் கொண்டுபோகிறதா, இரண்டையும் மாற்றி மாற்றிக் கொண்டுபோகிறதா என்று கேளுங்கள். பெயர் தானாக வந்துவிடும்.

டர்போ குழாய் பக்கம் இருக்கும் மூன்று காது வால்வுதான் என்75. டர்போ ஏற்றும் கூடுதல் காற்றழுத்தத்தை, அதாவது பூஸ்டைக் கட்டுப்படுத்துவது இதுதான். ஒரு காதுக்கு டர்போ வெளியேற்றும் அழுத்தம் வருகிறது. இன்னொன்று வேஸ்ட்கேட்டை (டர்போவைச் சுற்றும் எக்சாஸ்டில் ஒரு பகுதியை வேறு வழியில் விட்டு பூஸ்டைக் குறைக்கும் கதவு) திறக்கும் டப்பாவுக்குப் போகிறது. மூன்றாவது டர்போவுக்கு முன்னால் உள்ள தடிமனான குழாய்க்கே திரும்புகிறது. மின்சாரம் இல்லாதபோது டர்போ அழுத்தம் நேராக வேஸ்ட்கேட்டுக்குப் போகும். ஸ்பிரிங் அளவுக்குத்தான், அரை பார் அழுத்தத்துக்குள்தான் பூஸ்ட் வரும். கம்ப்யூட்டர் வால்வைத் துடிக்கவிட்டு, வேஸ்ட்கேட்டுக்குப் போக வேண்டிய அழுத்தத்தில் கொஞ்சத்தை மூன்றாவது காது வழியாகத் திருப்பிவிடும். வேஸ்ட்கேட் தாமதமாகத் திறக்கும், பூஸ்ட் ஏறும்.

இப்போது உங்கள் பி1557ஐப் பாருங்கள். கேட்டதைவிட அதிக பூஸ்ட் வந்துவிட்டது என்பதுதான் அதன் பொருள். வேஸ்ட்கேட்டுக்கு அழுத்தம் போய்ச் சேராததால் டர்போ இஷ்டத்துக்கு ஏறுகிறது, கம்ப்யூட்டர் பயந்து த்ராட்டிலை (இன்ஜினுக்குள் போகும் காற்றுக்கான கதவு) மூடிவிடுகிறது. பின்னால் பிடித்து இழுத்த மாதிரி என்றீர்களே, அது இதுதான். அந்த மூன்று டியூபில் ஒன்று கழன்றிருக்கும், கிழிந்திருக்கும், இல்லையென்றால் காது மாறி மாட்டியிருக்கும். இது தெரியும்வரை முழு ஆக்சிலேட்டர் கொடுக்காதீர்கள், இன்ஜினுக்கு நல்லதில்லை.

காதுகளைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி இருக்கிறது. வால்வைக் கழற்றிக் கையில் எடுங்கள். சுத்தமான சின்ன டியூப் வைத்து ஒவ்வொரு காதாக ஊதுங்கள். மின்சாரம் இல்லாதபோது இரண்டு காதுகளுக்கு நடுவேதான் காற்று போகும். மூடியிருக்கும் மூன்றாவதுதான் தடிமனான குழாய்க்குத் திரும்புவது. அப்புறம் ஒரு நொடி 12 வோல்ட் கொடுங்கள். அப்போது எந்தக் காது மூன்றாவதோடு சேர்கிறதோ அது வேஸ்ட்கேட்டுக்கு உரியது. மிச்சமிருப்பது டர்போ அழுத்தம்.

மேனிஃபோல்டுக்கு அடியில் இருக்கும் கறுப்பு டப்பா வாக்யூமைச் சேமித்து வைக்கும் தொட்டி. அதன் பக்கத்து வால்வு என்249. அது டைவர்ட்டர் வால்வை இயக்குகிறது. நீங்கள் காலை எடுக்கும்போது த்ராட்டில் மூடிக்கொள்ளும், ஆனால் டர்போ சுற்றிக்கொண்டே இருக்கும். மூடிய கதவில் மோதும் அந்தக் காற்றைத் திரும்ப டர்போவுக்கு முன்னால் விடுவது டைவர்ட்டர் வால்வின் வேலை. அதன் தலையில் உள்ள மெல்லிய டியூபில் வாக்யூம் வந்தால்தான் திறக்கும். வராவிட்டால் காற்று டர்போ இறக்கைகள் வழியாகவே பின்வாங்கும், அப்போது வரும் சத்தம்தான் உங்கள் புறாச் சிறகு. ஆகவே தொங்கும் துணி டியூபின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டே போங்கள். டைவர்ட்டர் வால்வில் முடியும் என்பது என் கணிப்பு. காலிக் காது அதற்கு உரியது. அந்தக் காது வழியாக மேனிஃபோல்டு வெளிக்காற்றை உறிஞ்சுவதால் ஐட்லிங்கும் ஆடுகிறது, பெட்ரோலுக்குக் காற்று அதிகம் என்று சொல்லும் பி0171உம் வருகிறது.

97 கிலோபாஸ்கலுக்குப் பயப்படாதீர்கள். இந்த வண்டியில் அந்த சென்சார் இன்டர்கூலர் (டர்போ காற்றைக் குளிர்விக்கும் பாகம்) பக்கம், த்ராட்டிலுக்கு முன்னால் இருக்கிறது. ஐட்லிங்கில் அது வெளிக்காற்றின் அழுத்தத்தைத்தான் காட்டும். கோவை கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேலே இருப்பதால் 97 வருவது சரியான கணக்கு. மேனிஃபோல்டு வாக்யூம் தெரிய வேண்டுமானால் தனி கேஜ் மாட்ட வேண்டும்.

டிக் டிக் உருளை என்80. டாங்கிலிருந்து வரும் பெட்ரோல் ஆவியை இன்ஜினுக்குள் விடுவது. சூடான பிறகு அப்படித்தான் அடிக்கும், பழுது இல்லை.

பீளமேட்டுக்காரன்:

அண்ணா, ரொம்ப நன்றி. இரண்டு தடவை படித்துவிட்டு டார்ச்சோடு போய்ப் பார்த்தேன். தொங்கிய டியூப் நீங்கள் சொன்ன மாதிரியே டைவர்ட்டர் வால்வில்தான் முடிகிறது. மாட்டினேன், படபட சத்தம் அந்த நிமிஷமே போய்விட்டது. என்75ஐக் கழற்றி ஊதிப் பார்த்தேன். வேஸ்ட்கேட் டியூபும் திரும்பும் டியூபும் காது மாறி இருந்தன. மாற்றிவிட்டேன். அவினாசி சாலையில் ஒரு சுற்று போனேன், 4,000 வரை தடங்கல் இல்லாமல் இழுத்தது.

ஆனால் ஐட்லிங் இன்னும் லேசாக ஆடுகிறது. எரிபொருள் திருத்தம் 22லிருந்து 11க்கு வந்து அங்கேயே நிற்கிறது. தட்டு மாதிரி இருப்பது என்ன என்று சொல்லவில்லையே?

மலைப்பாதை:

அதை நான் சொல்கிறேன். இன்ஜின் கிராங்க்கேஸிலிருந்து (இன்ஜினின் அடிப்பகுதி அறை) வரும் ஆவியின் அழுத்தத்தைச் சீராக்கும் வால்வு அது. மேலே தெரிவது அந்தப் பாதையில் ஒரு கிளைதான். இன்னொரு கிளை மேனிஃபோல்டுக்கு அடியில், ஆயில் ஃபில்டர் பக்கமிருந்து வருகிறது. இந்த இன்ஜினில் அதிகம் கெட்டுப்போகும் டியூப்கள் அங்கேதான் இருக்கின்றன, மேலிருந்து பார்த்தால் கண்ணுக்கே படாது. 20 வருஷமாக சூடான ஆயில் ஆவியில் ஊறிய ரப்பர் எப்படி இருக்கும்?

இன்ஜின் ஆறிய பிறகு கையை விட்டு, வளைவுகளின் அடிப்பக்கத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். ரேடியேட்டர் ஃபேன் சாவியை எடுத்த பிறகும் திடீரென்று சுற்றும், எச்சரிக்கை. கைக்கு எட்டாவிட்டால், இன்ஜின் ஐட்லிங்கில் இருக்கும்போது மேனிஃபோல்டுக்குள் போகும் அந்த டியூபைத் துணி சுற்றிய பிளையரால் மெதுவாக நெரித்துப் பாருங்கள். ஐட்லிங் ஆடாமல் நிலையாகி, திருத்தமும் இறங்கினால் லீக் அந்தப் பக்கம்தான்.

அந்தப் பாதையில் ஒரு செக் வால்வு உண்டு. பூஸ்ட் வரும்போது அழுத்தம் கிராங்க்கேஸுக்குள் போகாமல் தடுப்பது. புதுசு போடும்போது திசை பார்த்துப் போடுங்கள். காற்று மேனிஃபோல்டை நோக்கி மட்டும் போக வேண்டும், வாயால் ஊதினாலே தெரியும். திருப்பிப் போட்டால் ஒவ்வொரு தடவை பூஸ்ட் ஏறும்போதும் ஆயில் சீல்களுக்கு அழுத்தம் போய் ஆயில் கசியும்.

சேலம்_டீசல்:

ஊதுபத்தி பற்றிச் சொன்னது சரிதான் அண்ணா, பெட்ரோல் வண்டி என்பதை யோசிக்கவில்லை. டீசல் டர்போவிலும் என்75 என்கிறார்களே, அதையும் இதே மாதிரி ஊதிப் பார்க்கலாமா?

இருபது_வால்வு:

பெயர் ஒன்று, வேலை வேறு. டர்போவுக்குள் அசையும் தகடுகள் உள்ள டீசலில் அது வாக்யூம் பம்பிலிருந்து வரும் வாக்யூமைத்தான் பங்கிட்டுக் கொடுக்கிறது. அதனால் டியூப் கழன்றால் பூஸ்ட் குறையும், இங்கே மாதிரி ஏறாது. அதற்குத் தனி இழை போடுங்கள், விரிவாகப் பேசலாம்.

பீளமேடு தம்பி, ஒரு முக்கியமான சோதனை. பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடி டியூபும் இதே மேனிஃபோல்டிலிருந்துதான் வாக்யூம் எடுக்கிறது. இன்ஜினை அணைத்துவிட்டு பெடலை நாலைந்து தடவை மிதியுங்கள், கெட்டியாகும். மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள், பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் மற்றதெல்லாம் அப்புறம், முதலில் அதைப் பாருங்கள்.

டியூப் வாங்கும்போது இன்னொரு விஷயம். என்75, டைவர்ட்டர் வால்வுக்கு 4 மில்லிமீட்டர் சிலிக்கான் டியூப் நன்றாகவே உழைக்கும். ஆனால் கிராங்க்கேஸ் ஆவிப் பாதைக்கும் பெட்ரோல் ஆவிப் பாதைக்கும் சாதா சிலிக்கான் போடாதீர்கள். ஆயிலும் பெட்ரோலும் பட்டால் அது உப்பி, கசிய ஆரம்பித்துவிடும். கலர் நன்றாக இருக்கிறது என்று எல்லாவற்றையும் நீல சிலிக்கானாக மாற்றி, ஆறு மாதத்தில் திரும்ப வந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். அங்கே அச்சில் வார்த்த ஒரிஜினல் ரப்பர்தான் போட வேண்டும்.

பீளமேட்டுக்காரன்:

மன்னிக்கவும், பாகம் வர ஒன்பது நாள் ஆகிவிட்டது.

பெடல் சோதனையை அன்றைக்கே செய்தேன், சரியாக இறங்குகிறது. பிளையரால் நெரித்தபோது ஐட்லிங் 800இல் கல் மாதிரி நின்றது. மறுநாள் காலை மேனிஃபோல்டுக்கு அடியில் கையை விட்டேன். வளைவின் மேல்பக்கம் நன்றாகத்தான் இருந்தது. அடிப்பக்கத்தைத் தொட்டதும் விரல் உள்ளேயே போய்விட்டது. வெளியே எடுத்துப் பார்த்தால் ரப்பர் ஊறிய ரொட்டி மாதிரி பிய்ந்து வருகிறது, உள்ளே கறுப்புப் பிசுபிசுப்பு. தெர்மோஸ்டாட் மாற்றும்போது அசைத்ததில் கிழிசல் பெரிதாகியிருக்க வேண்டும்.

வளைவு டியூப் இரண்டு, செக் வால்வு, கிளாம்ப் எல்லாம் புதுசு போட்டேன். செக் வால்வை ஊதிப் பார்த்துத்தான் மாட்டினேன். என்75க்கும் டைவர்ட்டர் வால்வுக்கும் 4 மில்லிமீட்டர் சிலிக்கான். ஒவ்வொரு முனையிலும் வெள்ளை டேப்பில் எங்கிருந்து எங்கே என்று எழுதி ஒட்டியிருக்கிறேன், அடுத்த முறை யார் கழற்றினாலும் மாறாது.

நேற்று அம்மாவை உட்கார வைத்து பாலக்காடு போய் வந்தோம். 120 கிலோமீட்டருக்குப் பிறகு திருத்தம் +2. பழுதுக் குறியீடு எதுவும் திரும்ப வரவில்லை. வாளையார் தாண்டி ஐந்தாவது கியரில் லாரியை முந்தும்போது அம்மா, "அப்பா ஓட்டுகிற மாதிரியே இருக்கு" என்றார்.

இருபது_வால்வு:

சந்தோஷம் தம்பி. 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு அந்த கிளாம்ப்களை ஒரு தடவை இறுக்கிவிடுங்கள், புது ரப்பர் சூட்டில் கொஞ்சம் அமுங்கும். டைவர்ட்டர் வால்வையும் கழற்றிப் பாருங்கள்: உள்ளே உள்ள பிஸ்டனை விரலால் தள்ளிப் பிடித்துக்கொண்டு, தலைக் காதை மூடிவிட்டு விரலை எடுத்தால் பிஸ்டன் அங்கேயே நிற்க வேண்டும். உடனே திரும்பினால் உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு (டயஃப்ரம்) கிழிந்திருக்கிறது, மாற்றிவிடுங்கள்.