திருவருகைக் காலத்திலேயே கிறிஸ்துமஸ் பாட்டு பாடலாமா?

ஆல்டோ வரிசை:
எங்கள் பாடகர் குழுவில் வருடா வருடம் இதே சண்டை. நவம்பர் கடைசியில் ஒத்திகை ஆரம்பிக்கும்போதே ‘சைலண்ட் நைட்’ தாள் கைக்கு வந்துவிடும். பழகுவது சரி. ஆனால் திருவருகைக் காலத்தின் (கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரம்) முதல் ஞாயிறு பூசையிலேயே பாடிவிடலாம் என்று பாதிப் பேர் அடம்பிடிக்கிறார்கள். டிசம்பர் 24 இரவு வரை மூச்சுவிடக் கூடாது என்கிறார் ஃபாதர். இந்த நான்கு வாரத்துக்கென்று உருப்படியான இசை இருக்கிறதா, இல்லை ‘பொறுத்திரு’ என்ற கட்டளை மட்டும்தானா? படிக்கவும் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

பழைய ஆர்கன்காரர்:
நிறையவே இருக்கிறது, சகோதரி. தேடுவதற்கு நமக்குத்தான் சோம்பல்.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். திருவருகைக் கால ஞாயிறுகளில் வானவர் கீதம் (‘குளோரியா’ என்ற புகழ்ப்பாடல்) கிடையாது. ஆனால் அல்லேலூயா உண்டு. தவக்காலத்தில் அதையும் எடுத்துவிடுவோம். ஆக, இது அழுது வடியும் காலமில்லை. லூக்காவில் வானதூதர்கள் இடையர்களுக்குப் பாடியதுதான் வானவர் கீதத்தின் முதல் வரி. நான்கு வாரம் பாடாமல் இருந்துவிட்டு 24 இரவு அதை எடுக்கும்போது கூட்டம் எப்படிப் பாடுகிறது என்று பாருங்கள். ஃபாதர் பக்கம் நியாயம் இருக்கிறது.

டிசம்பர் 17 முதல் 23 வரை, மாலைப் புகழில் (மாலை வழிபாட்டில்) மரியாவின் பாடலுக்கு முன் நாளுக்கொன்றாக ஏழு முன்மொழிகள் (சிறு முன்பாடல்கள்) உண்டு. ‘ஓ ஞானமே’ என்று தொடங்கி ‘ஓ இம்மானுவேலே’யில் முடியும். ஏழிலும் ‘வாரும்’ என்ற மன்றாட்டு. இவற்றிலிருந்து வந்ததுதான் ‘ஓ கம், ஓ கம், இம்மானுவேல்’. ஜான் மேசன் நீல் 1851-ல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். அதன் மெட்டு 15-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கையெழுத்துப் படி ஒன்றில் அடக்கப் பவனிக்கான பாடலோடு இருப்பதை மேரி பெரி 1966-ல் கண்டுபிடித்தார். பல்லவியில் ‘மகிழ்வாய்’ என்று வந்தாலும் மெட்டு சோகச் சாயலுள்ள மைனர் ஸ்கேலை விட்டு நகராது. அந்த இடம் வந்ததும் டெனர்கள் (உயர்ந்த ஆண்குரல்காரர்கள்) கத்த ஆரம்பிப்பார்கள், விடாதீர்கள். தாளம் போட்டு இறுக்காமல், வசனம் சொல்வதுபோல் ஒரே மூச்சில் வரியை முடிக்கச் சொல்லுங்கள். ஆர்கன்கூட வேண்டாம். (நானே சொல்கிறேன்!)

அடுத்தது ஜெர்மன் இசையமைப்பாளர் பாக். அவர் காலத்து லைப்சிக் ஆலயங்களில் முதல் ஞாயிறு கேண்டாட்டா (இசைக்கருவிகளோடு பாடும் வழிபாட்டு இசை) உண்டு, அடுத்த மூன்று ஞாயிறும் கிடையாது. அந்த அமைதிக்குப் பிறகு 1734 டிசம்பர் 25 காலையில் அவருடைய கிறிஸ்துமஸ் ஆரட்டோரியோ (வேதக் கதையைப் பாட்டாகச் சொல்லும் பெரிய இசைப்படைப்பு) டிம்பனி முரசு தனியாக முழங்கத் தொடங்குகிறது. ஆறு பகுதிகள், 1735 ஜனவரி 6 வரை ஆறு நாட்களில் பாடப்பட்டவை. முதல் பகுதியின் முதல் கோரலை (சபைப் பாட்டை)க் கேளுங்கள். வரிகள் பவுல் கெர்ஹார்ட்டின் திருவருகைப் பாடல். மெட்டோ, நாம் பெரிய வெள்ளியில் பாடும் ‘ஓ சேக்ரட் ஹெட்’. அந்தக் காலத்தில் பல பாடல்களுக்குப் பொதுவாக ஓடிய மெட்டு அது, எனவே பாக் இயேசுவின் பாடுகளை மனதில் வைத்துத்தான் போட்டார் என்று அடித்துச் சொல்ல முடியாது. எனக்கு மட்டும் அந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் சிலுவைதான் முன்னால் வந்து நிற்கும்.

கடைசி வரிசை டெனர்:
கத்துகிறவர்களின் சார்பில் வருகிறேன். 😄 ஆர்கன்காரர் ஐயா சொல்வது சரி, ஆனால் காலண்டரைப் பிடித்துத் தொங்க வேண்டாம். ஹேண்டலின் ‘மெசியா’ முதலில் அரங்கேறியது 1742 ஏப்ரலில், டப்ளினில். இன்று டிசம்பரில் பாடினால் யார் கோபிக்கிறார்கள்? ‘ஜாய் டு த வேர்ல்ட்’ ஐசக் வாட்ஸ் 1719-ல் சங்கீதம் 98-ஐ வைத்து எழுதியது. மாட்டுக்கொட்டிலோ இடையர்களோ அதில் இல்லை, ஆண்டவர் அரசாள வருவதுதான் பேச்சு. தாராளமாக முதல் ஞாயிறே பாடலாம். ‘சைலண்ட் நைட்’ விஷயத்தில் மட்டும் ஃபாதர் கட்சி. ஆஸ்திரியாவின் ஓபெர்ன்டார்ஃபில் 1818 டிசம்பர் 24 அன்று கிட்டாரோடு முதலில் பாடப்பட்ட பாட்டு அது. அந்த இரவுக்கே விட்டுவிடுங்கள்.

புத்தகப் பிரியை:
படிக்கக் கேட்டீர்களே. டிக்கன்ஸின் ‘கிறிஸ்துமஸ் கேரல்’ (1843) எல்லோரும் சொல்வார்கள். நல்ல கதைதான், ஆனால் அது பண்டிகைக் கதை, காத்திருப்பின் கதை இல்லை. எலியட்டின் ‘ஜர்னி ஆஃப் த மேஜாய்’ (1927) கவிதையை எடுங்கள். ஞானிகள் குளிரில் அலுத்துக்கொண்டே போகிறார்கள், திரும்பி வந்த பிறகும் நிம்மதியில்லை. நாஜிகள் அடைத்துவைத்த ஜெர்மன் போதகர் போன்ஹோஃபர், பெர்லினின் டெகல் சிறையிலிருந்து 1943 டிசம்பரில் எழுதிய கடிதங்களும் உண்டு. வெளியிலிருந்துதான் கதவு திறக்க வேண்டும் என்ற நிலையில் இருந்தவர்.

எல்லாவற்றுக்கும் முன்னால் லூக்கா முதல் அதிகாரம். பிள்ளை பிறக்கும் என்பதை நம்பாத செக்கரியாவின் வாயை வானதூதர் கபிரியேல் கட்டிவிடுகிறார். குழந்தை பிறந்து, பலகையில் ‘யோவான்’ என்று எழுதிய பிறகுதான் பேச்சு வருகிறது. வந்த உடனே கடவுளைப் புகழ்கிறார். பாடகர் குழுவுக்கு இதைவிடப் பொருத்தமான வாசகம் கிடையாது. ஒத்திகைக்கு முன் ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும்.

ஆல்டோ வரிசை:
எல்லோருக்கும் நன்றி. ஐயா, ஒரு சந்தேகம். 17-ஆம் தேதி முதல் தினமும் கூட முடியாது, எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். ஏழையும் ஒரே மாலையில் பாடினால் தப்பா?

பழைய ஆர்கன்காரர்:
தப்பே இல்லை. ஒவ்வொன்றுக்கும் நடுவில் எசாயாவிலிருந்து சின்ன வாசகம் வையுங்கள். ‘ஓ ஈசாயின் வேரே’ என்பதற்கு 11-ஆம் அதிகாரம், ‘ஓ விடியலே’வுக்கு 9. நேரம் மிஞ்சினால் வாசகங்களைக் கூட்டுங்கள், பாட்டைக் கூட்டாதீர்கள். டெனர்களின் சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைத்தே வையுங்கள்.