பெரியபட்டினம், திருப்புல்லாணிப் பக்கம் மூன்று நாள் தங்கினால் என்னென்ன பார்க்கலாம், எங்கெல்லாம் நடக்கலாம்?

போடிக்காரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் போடிநாயக்கனூரைச் சேர்ந்தவர்கள். விடுமுறை கிடைத்தால் மலையில் ஏதேனும் ஒரு பழைய ஊரில் தங்கி, அங்குள்ள கோயிலையும் கல்வெட்டையும் பார்த்துவிட்டு, ஊரைச் சுற்றியுள்ள பாதைகளில் காலையும் மாலையும் நடப்பது எங்கள் வீட்டு வழக்கம். இந்த ஆண்டு பொங்கலை ஒட்டி மூன்று நாள் மலைக்குப் பதிலாக இராமநாதபுரம் கடற்கரைக்கு வர நினைக்கிறோம். இராமேசுவரம் கோயிலை முன்பே தரிசித்திருக்கிறோம். ஆகவே கூட்டம் குறைவான, பழமை மிகுந்த ஊர் ஒன்றை நடுவாக வைத்துக்கொண்டு அதன் சுற்றுப்புறத்தை நிதானமாகப் பார்க்க விரும்புகிறோம். பாண்டியர் காலத்தில் சீனக் கப்பல்கள் வந்துபோன ஊர் என்று பெரியபட்டினத்தைப் பற்றிப் படித்தேன். இன்று அங்கே பார்ப்பதற்கு என்ன மிச்சம் இருக்கிறது? பக்கத்தில் நடப்பதற்கும், படகில் போவதற்கும், பறவை பார்ப்பதற்கும் ஏற்ற இடங்கள் எவை? பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகளும், முழங்கால் வலியுள்ள என் மாமியாரும் உடன் வருகிறார்கள். உள்ளூர்க்காரர்கள் வழிகாட்டினால் பெரிய உதவியாக இருக்கும்.

புல்லாணி வாத்தியார் எழுதியது:

வணக்கம் அம்மா. பெரியபட்டினத்தைத் தேடி வருகிறோம் என்று ஒருவர் எழுதியதைப் பார்க்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது, ஏனென்றால் இங்கு வரும் வண்டிகளில் பெரும்பாலானவை இராமநாதபுரத்தில் டீ குடித்துவிட்டு நேரே பாம்பன் பாலம் ஏறிவிடுகின்றன. இருப்பினும் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மலை ஊர்களில் கோட்டைச்சுவரோ கல்மண்டபமோ கண்ணெதிரே நிற்பதைப் போலப் பெரியபட்டினத்தில் எதுவும் எழுந்து நிற்கவில்லை. அந்த ஊரின் பழமை மண்ணுக்குள் இருக்கிறது. 1980களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கே அகழாய்வு செய்தபோது 13, 14ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. பச்சை மெருகிட்ட லாங்சுவான் வகையும் வெள்ளையில் நீலக் கோலம் தீட்டிய வகையும் அவற்றில் உண்டு. ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராஷிமா அந்த ஓடுகளை ஆராய்ந்து, கல்வெட்டுகளில் பவித்திரமாணிக்கப்பட்டினம் என்று வரும் துறைமுகம் இதுதான் என்று எடுத்துக்காட்டினார். 1340களில் மதுரைச் சுல்தானிடம் வந்து தங்கிய இபின் பதூதா ‘பத்தன்’ என்று குறிப்பிடும் துறைமுகமும் இதுவாகவே இருக்கலாம் என்பது ஆய்வாளர் சிலருடைய கருத்து.

இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டு எங்கள் ஊருக்கு வாருங்கள். பெரியபட்டினத்தின் கதையைத் திருப்புல்லாணியிலிருந்து தொடங்குவதே சரி என்பது என் உறுதியான எண்ணம். 108 திவ்விய தேசங்களில் ஒன்றான ஆதி ஜெகந்நாதப் பெருமாள் கோயிலில் பாண்டியர் காலக் கல்வெட்டுகள் பல இருக்கின்றன. அவற்றுள் ஒன்று, பவித்திரமாணிக்கப்பட்டினத்தில் இருந்த சோனகர் பள்ளிக்குப் பாண்டிய மன்னன் விட்ட கொடையைப் பதிவு செய்கிறது. அரபு வணிகர் தொழுத பள்ளிவாசலுக்கு அளித்த கொடை பெருமாள் கோயிலில் கல்லில் எழுதப்பட்டிருக்கிறது என்றால், அந்தக் காலத்தில் கோயிலும் துறைமுகமும் வணிகரும் அரசும் எவ்வளவு நெருக்கமாகப் பிணைந்திருந்தன என்பதைப் பிள்ளைகளுக்கு வேறு எதைக் காட்டியும் இவ்வளவு எளிதாக விளக்க முடியாது. திருமங்கையாழ்வார் பாடிய தலம் இது. தருப்பைப் புல்லின்மேல் இராமர் சயனித்திருக்கும் சந்நிதியைப் பார்க்காமல் போய்விட வேண்டாம். நண்பகலில் நடை சாத்தி மாலையில்தான் திறப்பார்கள் என்பதால் காலையிலேயே வந்துவிடுங்கள்.

நடப்பதற்கு நான் சொல்லும் முதல் வழி திருப்புல்லாணியிலிருந்து சேதுக்கரை வரை. ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர், மேடு பள்ளம் இல்லாத சாலை. மலைப்பாதையில் பழகிய உங்களுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. வெயில் ஏறுமுன் கிளம்பினால், பனங்காடுகளையும் உடைமரங்களையும் பார்த்தபடியே நடந்து, கடலை நோக்கி நிற்கும் ஆஞ்சநேயர் கோயிலை அடையலாம். மாமியார் ஆட்டோவில் முன்னே போய் அங்கே காத்திருக்கலாம். தை மாதம் பனங்கிழங்குக் காலம். வழியில் எங்கேயாவது வேகவைத்து விற்பார்கள், வாங்கிச் சாப்பிட்டுப் பாருங்கள். தை அமாவாசையன்று மட்டும் இந்தப் பக்கம் வரவே வேண்டாம். தர்ப்பணம் கொடுக்க வருகிற கூட்டத்தில் அன்று சேதுக்கரையில் கால் வைக்கவும் இடம் இருக்காது.

சேதுக்கரையிலிருந்து பெரியபட்டினத்துக்கு வண்டியில் சென்று, கடற்கரையையும் தர்காவையும் ஊரின் தெருக்களையும் ஒரு மாலைப்பொழுதில் பார்த்துவிடலாம். சந்தனக்கூடு விழாவுக்குப் பெயர்பெற்ற தர்கா அது. எல்லாச் சமயத்தாரும் வருவார்கள்.

தென்கடல் எழுதியது:

வாத்தியார் ஐயா கரையைச் சொல்லிவிட்டார், நான் கடலைச் சொல்கிறேன். பாம்பனில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவன் நான். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இங்கே முதலில் விசாரிக்க வேண்டியது காற்றைப் பற்றித்தான். எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு கடல்கள் இருக்கின்றன. தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் நீரிணை. ஆனி, ஆடியில் தென்மேற்குப் பக்கக் காற்றுகளான சோழகமும் கச்சானும் வீசும்போது தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கிக் கிடக்கும். ஐப்பசியிலிருந்து தை வரை வாடை வீசும்போது அது அப்படியே மாறி, வடகடலில் அலை எழும், தென்கடல் படுத்திருக்கும். நீங்கள் பொங்கலுக்கு வருவதால் சேதுக்கரை, பெரியபட்டினம், கீழக்கரை ஆகிய தென்கரை ஊர்கள் உங்களுக்குச் சரியாக அமையும். இதே பயணத்தை ஆடி மாதத்தில் வைத்துக்கொள்கிறவர்களுக்கு நான் தேவிபட்டினத்தையும் காரங்காட்டையும்தான் சொல்வேன். இதை விசாரிக்காமல் வந்து, அலையைப் பார்த்து அறையிலேயே உட்கார்ந்துவிட்டுத் திரும்பிப் போகிற குடும்பங்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறோம். அது எங்களுக்கே வருத்தமாக இருக்கிறது.

காரங்காட்டில் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள், துடுப்புப் படகும் உண்டு. கழிமுகத்துக்குள் போகும் பயணம் என்பதால் திறந்த கடலைப் போல அலை இருக்காது. ஆனாலும் வாடை பலமாக வீசும் நாளில் நிறுத்திவிடுவார்கள். ஆகையால் புறப்படும் முன் தொலைபேசியில் கேட்டுக்கொள்வது அவசியம். இராமேசுவரம் போகும் வழியில் இருக்கும் பிரப்பன்வலசையும் அரியமானும் வடகரையில் இருப்பவை. துடுப்புப் படகு ஓட்டக் கற்பதற்கு அவை நல்ல இடங்கள்தான், ஆனால் தை மாதத்தில் காற்று இடம் கொடுக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன்.

மன்னார் வளைகுடாவில் தெரியும் தீவுகளுக்குப் படகு கேட்டு யாரிடமும் பேரம் பேசாதீர்கள். அங்குள்ள 21 தீவுகளும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. வனத்துறை தானே அழைத்துச் செல்லும் இடத்தைத் தவிர வேறெங்கும் அனுமதியின்றி இறங்கினால் வழக்குத்தான்.

போடிக்காரி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. காற்றைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது எங்களுக்குத் தோன்றியே இருக்காது. இன்னும் இரண்டு சந்தேகங்கள் இருக்கின்றன. கீழக்கரையில் உள்ள பழைய பள்ளிவாசலை மற்ற சமயத்தவர் பார்க்க அனுமதி உண்டா, குறிப்பாகப் பெண்கள் போகலாமா? பறவைகளைப் பார்க்க எந்தப் பக்கம் போவது நல்லது? என் மூத்த மகனுக்குப் பறவை என்றால் உயிர்.

கீழக்கரை வாசி எழுதியது:

வாருங்கள் சகோதரி. எங்கள் ஊரின் பழைய ஜும்மா பள்ளியைப் பார்க்க விரும்புகிறவர்கள் தொழுகை நேரங்களையும் வெள்ளிக்கிழமை நண்பகலையும் தவிர்த்துவிட்டு வந்து, வாசலில் இருக்கும் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். பெண்கள் எதுவரை வரலாம் என்பதை அவர்களே சொல்வார்கள், அதன்படி நடந்துகொள்வது முறை. தலையை மூடிக்கொள்ள ஒரு துப்பட்டா கையில் இருக்கட்டும். பள்ளியின் கட்டுமானத்தைப் பார்த்தால் நீங்கள் வியப்படைவீர்கள். நம் நாட்டுச் சிற்பிகள் கோயில் மண்டபத்துக்குச் செதுக்குகிற அதே முறையில் கல்தூண்களும், தூண்மேல் உத்தரத்தைத் தாங்கும் போதிகைகளும் அமைந்திருக்கின்றன. ஆனால் தெய்வ உருவமோ மனித உருவமோ எங்கும் இல்லை, பூவும் கொடியும் மட்டுமே வேலைப்பாடாக உள்ளன. திருப்புல்லாணிக் கோயிலைப் பார்த்த அதே நாளில் இங்கும் வந்து பிள்ளைகளை இரண்டு இடத்துத் தூண்களையும் ஒப்பிடச் சொல்லுங்கள். அதற்கு எந்த வழிகாட்டியும் தேவையில்லை. வள்ளல் சீதக்காதியின் அடக்கத்தலமும் எங்கள் ஊரில்தான் இருக்கிறது. உமறுப்புலவரை ஆதரித்த அந்தப் பெருமகன் இராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதியின் காலத்தவர், அவருடைய நெருங்கிய நண்பர்.

அந்தச் சேதுபதியின் காலத்தோடு பிள்ளைகளுக்குத் தொடர்பு ஏற்பட வேண்டுமென்றால், இராமநாதபுரத்தில் இராமலிங்க விலாசம் அரண்மனையை ஒரு மணி நேரமாவது பாருங்கள். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டப்பட்ட சுவரோவியங்கள் அங்கே இருக்கின்றன. தஞ்சை மராத்தியருடன் நடந்த போர்க் காட்சியைப் பிள்ளைகள் விட்டு வர மாட்டார்கள்.

எங்கள் ஊரை விட்டுப் போகுமுன் தொதல் வாங்கிக்கொள்ளுங்கள். தேங்காய்ப்பாலை மணிக்கணக்கில் கிண்டிச் செய்கிற இந்த இனிப்பு வேறெந்த ஊரில் கிடைத்தாலும் கீழக்கரைத் தொதலுக்கு ஈடாகாது என்பதைப் பெருமையோடு சொல்கிறேன்.

கண்மாய்க்கரை எழுதியது:

பறவைக்குத் தை மாதத்தைவிட நல்ல மாதம் கிடையாது. மழை பெய்து கண்மாய் நிறைந்த ஆண்டாக இருந்தால், இராமநாதபுரத்தை ஒட்டியுள்ள சக்கரக்கோட்டைக் கண்மாயிலேயே கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், மஞ்சள்மூக்கு நாரை என்று உங்கள் மகனுடைய குறிப்பேடு நிறைந்துவிடும். மாமியாரும் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கலாம். முதுகுளத்தூர்ப் பக்கம் உள்ள சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டவை. நாட்டுக் கருவேல மரங்களில் கூடு கட்டிய பறவைகளை அங்கே காணலாம். ஆனால் அவை கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி இருப்பதால் அரைநாளை அதற்கென்றே ஒதுக்க வேண்டும். மழை பொய்த்த ஆண்டில் அவ்வளவு தூரம் போவது வீண்.

பூநாரை பார்க்க ஆசையிருந்தால் தனுஷ்கோடிதான். 2025 ஜூனில் அந்தப் பகுதியைப் பெரும்பூநாரைச் சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. சாலையின் இருபுறமும் தேங்கியிருக்கும் ஆழமற்ற நீரில் அவை மேய்வதை வண்டியை நிறுத்திவிட்டுத் தொலைவிலிருந்தே பாருங்கள். படம் எடுப்பதற்காகச் சேற்றில் இறங்கி நெருங்குகிறவர்களால் கூட்டம் மொத்தமும் எழுந்து பறந்துவிடுகிறது. அத்தனை தொலைவிலிருந்து வந்த பறவையை இரைகூட எடுக்கவிடாமல் விரட்டுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

தென்கடல் எழுதியது:

தனுஷ்கோடி பேச்சு வந்ததால் சொல்கிறேன். அரிச்சல்முனையில் யாரும் கடலில் இறங்கக் கூடாது. இரண்டு கடல்களும் சேரும் அந்த இடத்தில் கரையோரத்திலேயே ஆழமும் இழுப்பும் உண்டு. மேலே அமைதியாகத் தெரிவதை நம்பி இறங்கியவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். பிள்ளைகளின் கையை விடாதீர்கள். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரின் தேவாலயச் சுவர்களை நின்று பார்த்துவிட்டு, மாலையில் காவல்துறை வண்டிகளைத் திருப்பி அனுப்பும் முன்பே கிளம்பிவிடுங்கள். அங்கே குளிக்க ஆசைப்படும் பிள்ளைகளைச் சேதுக்கரையில், உள்ளூர்க்காரர்கள் குளிக்கும் துறை எது என்று கேட்டு அங்கே இறக்குங்கள்.

கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பவளப்பாறைத் துண்டையோ கடற்குதிரையையோ பிள்ளைகள் நினைவுக்கு என்று பையில் போட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அவற்றை வைத்திருப்பதே குற்றம். கடையில் வெளிப்படையாக விற்றாலும் வாங்கக் கூடாது. ஞாபகத்துக்கு ஏதேனும் வேண்டுமென்றால் பனையோலைக் கொட்டானும் கருப்பட்டியும் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று நாளும் இராமநாதபுரத்தில் அறை எடுத்துத் தங்குவது உங்களுக்கு வசதி. தென்கரைக்கும் கண்மாய்க்கும் காரங்காட்டுக்கும் அங்கிருந்தே போய்வந்துவிடலாம். தனுஷ்கோடிக்கு மட்டும் விடியுமுன் புறப்பட வேண்டியிருக்கும்.