குளிர்கால ஈரப்புல்லில் செஸ்னா 152: இடம் இருந்தும் முன்சக்கரம் ஏன் மடங்குது?

பாளை_வடக்கு:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். தம்பி இங்கிலாந்துல பிபிஎல் (சொந்தமா விமானம் ஓட்டுற உரிமம்) முடிச்சிருக்கான். தார் ஓடுதளம்தான் பழக்கம். ஜனவரியில 650 மீட்டர் புல் ஓடுதளத்துக்கு செஸ்னா 152-ல (ரெண்டு பேர் உக்காருற சின்ன விமானம்) போகணும்ங்கான். 50 அடி உயரத்துல இருந்து இறங்கி நிக்க 365 மீட்டர் போதும்னு கையேட்டுல இருக்கு, கிட்டத்தட்ட பாதி இடம் மிச்சம்னு சொல்லுதான். ஆனா குளிர்காலத்துல புல்தரை விபத்து அங்க வழக்கமா நடக்குதே, ஏன்?

கல்லிடை_காத்து:
மிச்சமே கிடையாது. அந்த 365 மீட்டர் கடல்மட்டத்துல, 15 டிகிரியில, காத்தில்லாம, காஞ்ச சமமான தார்த்தரைக்கு. ஃப்ளாப் (வேகம் குறைச்சு இறங்க றெக்கையோட பின்னோரத்துல கீழ இறக்குற பலகை) 30 டிகிரி, வேகம் 54 நாட். பிரிட்டன் சிஏஏ (விமானப் போக்குவரத்து ஆணையம்) கணக்குப்படி ஈரப்புல்லுக்கு 1.35-ஆல பெருக்கணும், அதுக்கு மேல பாதுகாப்புக்கு 1.43. சுமார் 705 மீட்டர் வருது. 650-ல அடங்காது.

ஒட்ட வெட்டின புல், அடியில கெட்டித்தரை, மேல ஈரம்னா 1.6 வரை போகும்; அப்போ 835. நெடும்புல்தான் ஆபத்துன்னு பலபேர் நினைக்கிறாங்க. அது கிளம்பும்போது. இறங்கும்போது வழுக்கிவிடுறது குட்டைப்புல்தான். எதிர்காத்து இருந்தா கழிச்சுக்கலாம், ஆனா பாதியைத்தான் கணக்குல எடுக்கணும்.

வேகத்தையும் பாருங்க. 54-க்குப் பதிலா 60 நாட்ல வந்தா, கரைக்கவேண்டிய ஆற்றல் 23 சதவீதம் கூடிரும். "கையில கொஞ்சம் வேகம் இருக்கட்டும்"னு வர்றவங்கதான் வேலியில போய் நிக்கிறாங்க.

கயத்தாறு_கரிசல்:
தூரம் சரி, முன்சக்கரத்துக்கு வாங்க. 152-ல பின்சக்கரம் 6.00-6 டயர், காத்து 21 பிஎஸ்ஐ. முன்சக்கரம் 5.00-5, 30 பிஎஸ்ஐ. சின்ன டயர், கூடுதல் அழுத்தம். அதனால ஈரமண்ணுல முதல்ல புதையுறது அதுதான். வேகமா வந்து, மிதந்து, தாமதமாத் தரை தொட்டு, வேலியைப் பாத்ததும் பிரேக்கை மிதிச்சா பாரம் மொத்தமும் முன்னால சாயும். பின்சக்கரம் பூட்டி வழுக்கும், முன்சக்கரம் சொதசொதப்புல இறங்கும், கால் பின்னால மடங்கும், புரொப்பெல்லர் மண்ணை அடிக்கும். அப்புறம் கிராங்க்ஷாஃப்டைப் பாக்க இன்ஜினையே பிரிக்கணும்.

தரை தொட்ட பிறகும் கையில பிடிக்கிற கன்ட்ரோலை முழுசாப் பின்னால இழுத்தே வைக்கணும். பிரேக் கடைசிக்குத்தான். டாக்ஸி, அதாவது தரையில உருட்டிட்டுப் போகும்போதும் அதே. சகதியில நிறுத்திட்டா கிளப்ப பவர் நிறையக் கொடுக்கணும், அது மூக்கை அழுத்தும்.

சக்கரத்து மேல ஸ்பாட்னு சொல்லுற மூடி இருந்தா குளிர்காலத்துக்குக் கழட்டிரச் சொல்லுங்க. ஐப்பசி மழையில கரிசக்காட்டு வழியா சைக்கிள் விட்டா மட்கார்டுல மண் அடைச்சு சக்கரம் நிக்குமே, அதே கதைதான்.

பாளை_வடக்கு:
அண்ணாச்சி, தரை எப்படி இருக்குன்னு போகுறதுக்கு முன்னால தெரிஞ்சுக்க வழி உண்டா?

கல்லிடை_காத்து:
அன்னைக்குக் காலையிலயே அந்த ஏர்ஃபீல்டுக்கு போன். "திறந்திருக்கா"ன்னு மட்டும் கேக்கக்கூடாது. எந்தப் பக்கம் தண்ணி தேங்குது, நேத்து யாராவது இறங்கினாங்களா, சக்கரத்தடம் எவ்வளவு ஆழம்னு கேக்கணும். சுண்ணாம்புப் பாறை மேல இருக்குற தளம் தண்ணியைக் குடிச்சிரும். களிமண்ணுன்னா மழை விட்டும் நாள்கணக்குல ஊறிக் கிடக்கும். ராத்திரி உறைஞ்ச தடம் காலையில கல்லு மாதிரி இருக்கும், மத்தியானம் சேறாயிரும்.

தாமிரபரணி_கரை:
ஒண்ணு விட்டுப்போச்சு. ஈரக்குளிர்ல த்ராட்டிலைக் குறைச்சு இறங்கும்போது கார்புரேட்டர்ல ஐஸ் பிடிக்கும், அதனால குறைக்கும் முன்னாலயே கார்ப் ஹீட் (கார்புரேட்டருக்குச் சூடான காத்து விடுற விசை) போடணும். ஓடுதளத்துல முதல் மூணுல ஒரு பங்குக்குள்ள சக்கரம் படலைன்னா திரும்ப மேல ஏறிரணும்: முழு த்ராட்டில், கார்ப் ஹீட் அணை, ஃப்ளாப்பை 30-ல இருந்து 20-க்கு, வேகம் 55 நாட். ஈரப்புல்லுல உருண்டுட்டு யோசிச்சா வேகம் ஏறாது.

இறங்கினதும் பிரேக் டிஸ்க்குல ஒட்டின சேத்தைத் துடைச்சுரச் சொல்லுங்க. ராத்திரி உறைஞ்சா மறுநாள் சக்கரம் சுத்தாது.