கிளம்புவதற்கு முன்னால் நடந்தது: மனதை விட்டுப் போகாத ஒரு நிமிடம்

மஞ்சக்காடு, கோபி

விவாகரத்து என்றால் வக்கீல், மனு, வாய்தா எல்லாம் இந்தக் குழுவில் எல்லோரும் பார்த்ததுதான். புருஷன் வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முந்தின நாள் மதியம், வக்கீல் சொன்னபடி நகைகளைக் கட்டிலில் பரப்பிப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நகைக்கடை பில், கல்யாண ஆல்பம். கதவைத் தாழ்போட மறந்துவிட்டேன். அத்தை காபியோடு வந்துவிட்டார். சத்தம் போடுவார் என்று கை நடுங்கியது. டம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டு, சிவப்புக்கல் தோட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "இது எங்கம்மா எனக்குப் போட்டது கண்ணு. இத மட்டும் வெச்சுட்டுப் போறயா?" என்றார். கொடுத்துவிட்டேன். எங்கே போகிறாய் என்று அவர் கேட்கவே இல்லை. எப்போதிருந்து அவருக்குத் தெரியும்?

ஆழியாறு, பொள்ளாச்சி

கொடுத்திருக்கக் கூடாதுங்க. மாமியார் வீட்டில் பொண்ணுக்குப் போட்டதும் சீதனம்தான், அவளுக்கு மட்டுமே சொந்தம். 1985-லேயே உச்ச நீதிமன்றம் அழுத்தமாகச் சொல்லிவிட்டது.

என் கதை சின்னது. எங்கள் பிரிவை ஊர்ப் பெரியவர்கள் தென்னந்தோப்பில் உட்கார்ந்து பேசி, பத்திரத்தில் கையெழுத்து வாங்கித் தீர்த்துவிட்டார்கள். பல வருடம் கழித்து மறுமணத்தைப் பதிவு செய்யப் போனபோது கோர்ட் தீர்ப்பைக் கேட்டார்கள். பத்திரத்தை நீட்டினேன். பதிவு செய்கிற அதிகாரியம்மா படித்துவிட்டு, "இன்னும் நீங்க அவரு சம்சாரந்தாங்க" என்றார். பக்கத்தில் நான் கட்டிக்கொள்ளப் போகிறவர் நிற்கிறார்.

அதனால் சொல்கிறேன். சமூக வழக்கம் என்று கோர்ட்டில் நிரூபித்தால் ஒழிய, பஞ்சாயத்துப் பேச்சும் நோட்டரி முத்திரையும் விவாகரத்து ஆகாது. கிளம்பும்முன் ஆதார், படிப்புச் சான்றிதழ், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், பாஸ்புக் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். லாக்கர் இருவர் பெயரில் இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். இந்து திருமணச் சட்டப்படி பெண் தான் இப்போது குடியிருக்கும் ஊரிலேயே மனுப் போடலாம், புருஷன் ஊருக்கு அலைய வேண்டாம். வக்கீலுக்குக் காசு இல்லையா, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். கல்யாணமாகி ஒரு வருடம் ஆகவில்லை என்றால் பொதுவாக மனுவே எடுக்க மாட்டார்கள், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நொய்யல்கரை, திருப்பூர்

அக்கா, அவங்க சட்டம் கேட்கவில்லையே.

நான் ஆண், பனியன் கம்பெனியில் மேஸ்திரி. ஜீவனாம்ச மனு வந்தபோது வரவு, செலவு, சொத்து எல்லாம் எழுதிப் பிரமாணப் பத்திரம் கொடுக்கச் சொன்னார்கள். உச்ச நீதிமன்றத்தின் 2020 தீர்ப்புக்கு அப்புறம் இரண்டு பேருமே கொடுக்க வேண்டும். சம்பளம், பைக் தவணை, சீட்டுப் பணம் எல்லாம் மளமளவென்று எழுதினேன். குழந்தைச் செலவு என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. பால் எவ்வளவு, வேன் எவ்வளவு, மாத்திரை எவ்வளவு, ஒன்றுமே தெரியவில்லை. வேறு வழியில்லாமல் அவளுக்கே போன் செய்தேன். எதற்கு என்று கேட்காமல் ரூபாய் ரூபாயாகச் சொன்னாள். நான் எழுதிக்கொண்டேன். கடைசியில், "மாத்திர பேரு எழுதீட்டீங்களா?" என்று கேட்டாள். அவனுக்கு வீசிங் இருக்கிறது. மாத்திரை பெயர் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அப்புறம் பேசிப் பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு வந்தோம். முதல் மனுவுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பைக் கோர்ட் விலக்கிவிடலாம் என்று 2017-லேயே தீர்ப்பு இருக்கிறது, கேட்டுப் பார்க்கலாம் என்றார் வக்கீல். இரண்டு பேருமே வேண்டாம் என்றோம். ஏன் என்று இன்றுவரை பேசிக்கொண்டதில்லை.

ஆழியாறு, பொள்ளாச்சி

தம்பி, உங்களுக்குச் சம்பளம் வருகிறது, ஆறு மாதம் காத்திருக்கலாம். கையில் காசில்லாமல் அப்பன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவளுக்கு அந்தத் தோடே ரெண்டு மாதச் சாப்பாடு. அதனால்தான் சொன்னேன்.

மஞ்சக்காடு, கோபி

அக்கா சொல்வது சரிதாங்க. எனக்கும் அந்த வருடம் கஷ்டம்தான், கம்மலைக்கூட அடகு வைத்தேன். நகைப் பட்டியல் எழுதும்போது வக்கீல் இரண்டு தடவை கேட்டார், தோட்டை நான் சேர்க்கவில்லை. போட்டோ மட்டும் போனில் இருக்கிறது. ஓரத்தில் அத்தையின் கட்டைவிரல் விழுந்திருக்கிறது, நகத்தில் மஞ்சள் கறையோடு.